விரல் ஓய்ந்த ஐந்தாண்டுகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தளராமல் கூடிவருவது எளிய செயலன்று. தொடங்கும்போது இருக்கும் ஊக்கம் மூன்றாம் ஆண்டில் பாதியாகும்; ஐந்தாம் ஆண்டில் கூட்ட அறிவிப்பை எழுதுபவரும் கூட்டத்துக்கு வருபவரும் ஒருவரே என்ற நிலைகூட ஏற்படும். அவற்றையெல்லாம் கடந்து இன்று இத்தனை பேர் அமர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. இந்நாளில் கவிதையைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுடையோர் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். ஆகவே கவிதைக்கு மிக நெருங்கிய உறவான இசையிலிருந்து ஒருவரை உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் கொரியாவில் பிறந்து உலக மேடைகளில் புகழ்பெற்ற வயலின் கலைஞர் கியுங் வா சுங்.

கவிஞர்களாகிய நமக்குள் நெடுங்காலமாக ஒரு வழக்கு இருந்து வருகிறது. கவிதை பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா என்பதே அது. நம் கூட்டங்களில் பெரும்பாலும் முதல் கட்சியே வெல்கிறது. பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே யாப்பு வகுப்பின் நினைவு வந்து நம்மில் சிலர் முகம் சுளிக்கிறோம். இந்த அம்மையாரின் வாழ்க்கை அந்த வழக்கில் ஒரு சாட்சியாக நிற்கக்கூடும் என்று எண்ணுகிறேன். எந்தக் கட்சிக்குச் சாட்சி என்பதை இறுதியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

கியுங் வா சுங் 1948ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் சியோல் நகரில் பிறந்தார். உடன்பிறந்தோர் எழுவர். அவருக்கு இரண்டு வயது நிரம்பிய சில மாதங்களில் கொரியப் போர் மூண்டது. சியோல் நகரம் கைமாறிக் கைமாறிச் சிதைந்தபோது, எண்ணற்ற குடும்பங்களைப்போல் இவர்கள் குடும்பமும் தெற்கே பூசான் துறைமுகத்தை நோக்கி ஓடியது. உயிர் பிழைத்தால் போதும் என்று மற்றவர்கள் மூட்டை கட்டிய நேரத்தில், இவருடைய தாயார் வீட்டிலிருந்த பியானோவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார் என்று அந்தக் குடும்பத்தின் கதை கூறுகிறது. உணவகம் நடத்திப் பிள்ளைகளை வளர்த்த பெண்மணி அவர். அகதியாய்ப் போகிறவள் அரிசியைச் சுமப்பாள், பாத்திரத்தைச் சுமப்பாள். பியானோவைச் சுமந்தவளை என்னென்று சொல்வது? பிள்ளைகளுக்குச் சோறு போல் இசையும் வேண்டும் என்று கருதிய ஒரு தாயின் உள்ளம் அந்த ஒரு செயலில் விளங்குகிறது. அந்த எழுவரில் மூவர் உலகப் புகழ் பெற்றனர். அக்காள் மியுங் வா செல்லோ இசைக் கலைஞர். தம்பி மியுங் ஹுன் பியானோவில் தொடங்கி, பாரிஸ் நகரத்துப் பாஸ்டீல் இசைநாடக அரங்கின் இசை இயக்குநராக 1989இல் பொறுப்பேற்றவர். நடுவில் நம் கியுங் வா.

முதலில் பியானோதான் கற்றார்; மனம் ஒட்டவில்லை. ஆறேழு வயதில் வயலின் கைக்கு வந்தபின் அதுவே அவர் கருவியாயிற்று. ஒன்பது வயதில் சியோல் இசைக்குழுவுடன் மெண்டல்சனின் வயலின் கன்செர்ட்டோவை வாசித்தார். போரின் சாம்பல் இன்னும் ஆறாத நகரத்தில் ஒரு சிறுமி மேடையேறி வாசித்த அந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். பின்னர் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

1961இல், பதின்மூன்று வயதில், நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். ஆசிரியர் இவான் கலாமியன். ஆர்மேனிய மரபில் வந்த இந்த ஆசான், இருபதாம் நூற்றாண்டின் வயலின் ஆசிரியர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். இட்ஷாக் பெர்ல்மன், பிங்காஸ் சூக்கர்மன் ஆகியோரும் அவருடைய மாணாக்கரே. கடுமைக்குப் பெயர்போன அவர் 1962இல் தம் முறையை ஒரு நூலாக வெளியிட்டார். அதன் அடிப்படைக் கருத்து நமக்கும் பயன்படுவது. வாசிப்பது விரலோ வில்லோ அன்று, மனமே என்பது அது. மனம் முதலில் கட்டளையிட வேண்டும். தசை அதற்கு உடனே பணிய வேண்டும். அந்தக் கட்டளைக்கும் பணிவுக்கும் இடையே உள்ள கால இடைவெளியைக் குறைப்பதே பயிற்சி என்றார் அவர். ஓர் இளம்பெண்ணுக்கு அன்று இது வெறும் பாடமாகப் பட்டிருக்கக்கூடும். நாற்பதாண்டுகள் கழித்து அதுவே அவரைக் காத்தது.

1967இல் லெவன்ட்ரிட் போட்டி நடந்தது. அமெரிக்காவில் இளங்கலைஞர்களின் எதிர்காலத்தையே தீர்மானித்த போட்டி அது. அதற்காக மகளின் கையில் ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் வயலினைத் தரும்பொருட்டுத் தாயார் வீட்டையே விற்றார் என்று கூறுவர். எதிரில் நின்றவர் அதே ஆசானிடம் பயின்ற சூக்கர்மன். நடுவர்கள் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க இயலாமல், அப்போட்டியின் வரலாற்றிலேயே முதன்முறையாக முதற்பரிசை இருவர்க்கும் பகிர்ந்தளித்தனர்.

அதன்பின்னும் கதவுகள் தாமாகத் திறந்துவிடவில்லை. மேலை இசையுலகில் ஆசியர் ஒருவர், அதிலும் ஒரு பெண், தனிக்கலைஞராக நிற்பது அன்று அரிது. 1970 மே மாதம் லண்டனில் ஆந்த்ரே பிரெவின் நடத்திய இசைக்குழுவுடன் வாசிக்க இருந்த பெர்ல்மன், தம் குழந்தை பிறக்கும் நேரம் என்பதால் வர இயலாமற்போக, அந்த இடத்தில் கியுங் வா சுங் சைகோவ்ஸ்கியின் கன்செர்ட்டோவை வாசித்தார். ஒரே இரவில் ஐரோப்பா அவரை அறிந்தது. டெக்கா நிறுவனம் உடனே ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வாண்டே பிரெவினுடன் சைகோவ்ஸ்கி, சிபேலியஸ் ஆகிய இருவரின் கன்செர்ட்டோக்களும் பதிவாயின. அந்த சிபேலியஸ் பதிவை இன்று கேட்டாலும் பனிப்பரப்பின் மேல் தீக்கொழுந்து ஓடுவதுபோல் இருக்கிறது.

இவ்விடத்தில் பலருடைய கலை வாழ்வு நின்றுவிடும். பெயர் வந்தாயிற்று, அழைப்புகள் குவிகின்றன, அதே ஐந்தாறு உருப்படிகளை நாடு நாடாகச் சென்று வாசித்தாலே ஆயுள் முழுதும் ஓடிவிடும். இவரோ புகழ் வந்தபின் மறுபடியும் மாணவியானார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முதுபெரும் ஹங்கேரியக் கலைஞர் யோசப் சிகெட்டியிடம் சென்றார். சிகெட்டி வில்லைப் பற்றியும் விரலைப் பற்றியும் மட்டும் பேசவில்லை. இலக்கியம் படி, ஓவியம் பார், உன் கருவிக்கு வெளியே உள்ள உலகத்தை அறி என்று வழிகாட்டினார். ஒரு வயலின் ஆசிரியர் தம் மாணவியைப் புத்தகத்துக்கும் ஓவியக் கூடத்துக்கும் அனுப்புகிறார். நம்மில் எத்தனை பேர் இளங்கவிஞர் ஒருவரை ஒரு கச்சேரிக்கு அனுப்பியிருக்கிறோம்?

அந்தப் படிப்பின் பயன் அவர் தேர்ந்தெடுத்த படைப்புகளில் தெரிந்தது. கேட்போர் எளிதில் கைதட்டும் உருப்படிகளோடு நில்லாமல் பார்ட்டோக், ஸ்ட்ராவின்ஸ்கி, வால்டன், எல்கர் என்று சென்றார். ஆல்பன் பெர்க்கின் கன்செர்ட்டோவை ஜார்ஜ் ஷோல்டியுடன் பதிவு செய்தார். 1935இல் இயற்றப்பட்ட அந்தப் படைப்பு, பதினெட்டு வயதில் இறந்த மேனோன் குரோப்பியஸ் என்ற பெண்ணுக்கான கையறுநிலை. ஒரு தேவதையின் நினைவுக்கு என்று அதற்குக் காணிக்கை எழுதினார் பெர்க். அவரும் அவ்வாண்டு முடியுமுன் மறைந்தார். அந்த இசையில் வயலின் வெறுந்தந்திகளில் தொடங்குகிறது. இடக்கை விரல் எதுவும் படாமல், நான்கு தந்திகளும் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன, சுருதி சேர்ப்பதுபோல. அந்த எளிமையிலிருந்து பெருந்துயரம் எழுகிறது. முதலடியிலேயே எல்லா அணிகளையும் கொட்டித் தீர்த்துவிடும் நம் கவிதைகளுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஆசியர்கள் மேலை இசையைப் பிழையின்றி வாசிப்பார்கள். ஆனால் அதன் உயிர் அவர்களுக்குப் பிடிபடாது என்று ஒரு பேச்சு மேற்கே நெடுநாள் உலவியது. இந்தப் பேச்சுக்கு நாம் சற்று நின்று செவிகொடுக்க வேண்டும். வயலின் நமக்கும் கடல் கடந்து வந்த கருவியே. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதை ஏற்றபோது, நாம் கருவியைத் தரையில் அமர வைத்தோம். தந்திகளின் சுருதியை மாற்றினோம். கமகத்துக்கு இசையச் செய்து அதை நம் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டோம். இந்தக் கொரியப் பெண்ணோ கருவியோடு அதன் இசையையும் சேர்த்தே ஏற்றார். நாம் செய்தது தத்து எடுத்தல். அவர் செய்தது மறுவீடு புகுந்து அந்த வீட்டின் மொழியிலேயே வாழ்தல். இரண்டும் கடினமானவை. இரண்டாவதில் ஒரு கூடுதல் துன்பம் உண்டு. பிறந்த வீட்டார் சந்தேகிக்கமாட்டார்கள்; புகுந்த வீட்டார் நாள்தோறும் சோதிப்பார்கள்.

அச்சோதனைக்கு அவர் வாதத்தால் விடை சொல்லவில்லை. 1979இல் கிரில் கொண்ட்ராஷின் தலைமையில் வியன்னா பில்ஹார்மோனிக் குழுவுடன் பீத்தோவனின் கன்செர்ட்டோவைப் பதிவு செய்தார். வியன்னா பில்ஹார்மோனிக் தன் உறுப்பினராகப் பெண்களை ஏற்க இசைந்தது 1997இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், முற்றிலும் ஆடவரான ஒரு குழுவின் முன், பீத்தோவன் வாழ்ந்து மறைந்த நகரத்துக் குழுவின் முன், ஒரு கொரியப் பெண் நின்ற காட்சியின் பொருள் விளங்கும். பத்தாண்டுகள் கழித்து அதே படைப்பைக் கிளவுஸ் டென்ஸ்டெட்டுடன் ஆம்ஸ்டர்டாமில் மீண்டும் வாசித்துப் பதிவு செய்தார். ஒருமுறை சொன்னதை முடிந்ததாகக் கருதாத உள்ளம் அது. தம் பதிவுகளில் எளிதில் மனநிறைவு கொள்ளாதவர் என்பது அவரை அறிந்தோர் அனைவரும் சொல்வது. இதற்கிடையே திருமணமும் இரு மகன்களும். தாயான பின் பயணங்களைக் குறைத்துக்கொண்டார். கலைக்கும் இல்லத்துக்கும் இடையே ஆண் கலைஞரிடம் கேட்கப்படாத கணக்கு, பெண் கலைஞரிடம் எல்லா நாட்டிலும் கேட்கப்படுகிறது.

அன்பர்களே, இனி நான் பேச வந்த இடத்துக்கு வருகிறேன்.

2005ஆம் ஆண்டு அவருடைய இடக்கைச் சுட்டுவிரலில் காயம் ஏற்பட்டது. வயலின் வாசிப்பில் அந்த விரலின் இடம் என்ன என்பதைச் சொன்னால்தான் இழப்பின் அளவு புரியும். வயலினின் கழுத்தில் வீணையைப்போல் மெட்டுகள் இல்லை. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்பதைக் கையே அறிந்திருக்க வேண்டும். மேலை முறையில் கையின் நிலையை முதலில் உறுதி செய்வது சுட்டுவிரல்தான். அது நின்ற இடத்தை வைத்தே மற்ற மூன்று விரல்களும் தம் தொலைவை அறிகின்றன. நில அளவைக்கு முதற்கல் எப்படியோ அப்படி. அந்தக் கல்லே பெயர்ந்தது. ஐம்பத்தேழு வயது. ஐந்தாண்டுகள் மேடை இல்லை. 2007முதல் தாம் பயின்ற ஜூலியார்டிலேயே ஆசிரியராக அமர்ந்தார். அவர் இனி வாசிக்கமாட்டார், கற்பிப்பார் என்று உலகம் முடிவு கட்டியது.

அந்த ஐந்தாண்டுகளிலும் அவர் பயிற்சியை விடவில்லை. கருவியைத் தொட இயலாதவர், இசையேட்டை வைத்துக்கொண்டு மனத்துக்குள்ளேயே வாசித்தார். பாக்கின் தனி வயலின் படைப்புகளை உள்ளத்தில் ஓட்டிப் பார்த்தார். மனமே வாசிக்கிறது என்ற கலாமியனின் பாடம் அப்போது வெறும் பாடமாக இல்லை. விரல் என்ற பணியாள் விடுப்பில் போனபோது, எசமானனாகிய மனம் தனியே வேலை செய்தது. 2010இல் சியோல் நகரில் விளாதிமிர் அஷ்கெனாசி நடத்திய பில்ஹார்மோனியா குழுவுடன் பிராம்ஸின் கன்செர்ட்டோவை வாசித்து மேடைக்குத் திரும்பினார்.

பாக்கின் அந்தப் படைப்புகளைப் பற்றி ஒரு சொல். 1720 என்று ஆண்டு குறித்த பாக்கின் கையெழுத்துப் படியில் சொனாட்டா மூன்று, பார்ட்டிட்டா மூன்று ஆக ஆறு உருப்படிகள். துணைக்கு வேறு கருவி இல்லை. நான்கு தந்திகளும் ஒரு வில்லும் கொண்டு பல குரல்கள் பேசுவதாகத் தோற்றம் உண்டாக்க வேண்டும். அவற்றுள் இரண்டாம் பார்ட்டிட்டாவின் இறுதியில் வரும் ஷகோன் மட்டுமே ஏறத்தாழக் கால்மணி நேரம் நீள்வது. கியுங் வா சுங் தம் இருபதுகளின் நடுவில் இந்த ஆறில் இரண்டை மட்டும் பதிவு செய்தார். எஞ்சிய நான்கும் நாற்பதாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தன. 2016இல், அறுபத்தெட்டாம் வயதில், ஆறையும் முழுமையாகப் பதிவு செய்தார். 2017 மே மாதம் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் ஒரே மாலையில் ஆறையும் தனியொருவராக வாசித்தார்.

இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இளமைப் பதிவில் வில் ஒரு வாளைப்போல் பாய்கிறது. தவறு என்று சுட்ட ஓரிடம் காண்பது அரிது. முதுமைப் பதிவில் ஆங்காங்கே ஒலி கரடாகிறது. ஒரு தொடர் முடிவில் மூச்சு வாங்குவதுபோல் நிற்கிறது. எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், முதலாவது வியக்க வைக்கிறது, இரண்டாவது உடன் அமர வைக்கிறது என்பேன். இளமையில் வாசித்தவர் அந்த இசையை வென்றவர். முதுமையில் வாசித்தவர், அது தம்மைவிட்டு ஐந்தாண்டுகள் போயிருந்தும் போகாததை அறிந்தவர்.

ஒரு கலைஞரைப் பாராட்டும்போது அவருடைய மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. 2014 டிசம்பரில் அவர் நெடுநாட்களுக்குப்பின் லண்டன் மேடைக்கு வந்தார். குளிர்காலம், அவையில் இருமல் மிகுதி. இருமிய ஒரு குழந்தையின் பெற்றோரை நோக்கி, அவள் இன்னும் வளர்ந்தபின் அழைத்து வரலாமே என்ற பொருளில் மேடையிலிருந்தே அவர் ஏதோ சொல்ல, அரங்கம் இறுகிப் போயிற்று. செய்தித்தாள்கள் பல நாட்கள் இதைப் பற்றி விவாதித்தன. ஐந்தாண்டு மௌனத்தில் மனத்துக்குள் இசையைக் காத்தவருக்கு, ஓர் இருமல்கூட எவ்வளவு பெரிய ஓசையாகக் கேட்டிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. கலைக்கு அமைதி வேண்டும் என்பதையும் மறுக்கமாட்டேன். ஆனால் சியோலில் ஒன்பது வயதில் மேடையேறிய சிறுமியை நினைவில் வையுங்கள் என்று முன்பு கேட்டுக்கொண்டேன். அந்தச் சிறுமியை யாரோ ஒருவர் அதற்கும் முன்பே ஓர் இசையரங்குக்கு அழைத்துச் சென்றிருக்கத்தான் வேண்டும். அவளும் இருக்கையில் நெளிந்திருப்பாள். குழந்தைகள் வராத அரங்கம் அமைதியாகத்தான் இருக்கும். முப்பதாண்டுகளில் முற்றிலும் அமைதியாகிவிடும். அன்றிரவு அந்தப் பெருங்கலைஞரின் பக்கம் அல்ல, இருமிய அந்தக் குழந்தையின் பக்கமே என் மனம் சாய்கிறது.

இதை நம் வட்டத்துக்கும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பத்தாண்டுகளில் நம் நாற்காலிகள் கூடியிருக்கின்றன. அவற்றில் இருபத்தைந்து வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர்? முதற்கவிதையைப் படிக்க எழுந்த இளைஞனின் சந்திப்பிழையை நாம் சபையில் வைத்தே திருத்தியதுண்டு. அடுத்த மாதம் அவன் வரவில்லை. பிழை பிழைதான். ஆனால் அதைத் திருத்துவதற்கு இடமும் நேரமும் உண்டு. கலாமியன் கடுமையாயிருந்தது வகுப்பறையில், கச்சேரியில் அன்று.

தொடக்கத்தில் சொன்ன வழக்குக்கு வருவோம். பிறவியா, பயிற்சியா? ஒன்பது வயதில் மெண்டல்சனை வாசித்தது பிறவி என்று வைத்துக்கொள்வோம். லண்டன் இரவும் சிபேலியஸ் பதிவும்கூடப் பிறவியின் ஒளி என்றே ஒப்புக்கொள்வோம். ஆனால் விரல் ஓய்ந்த ஐந்தாண்டுகளில் பிறவி எங்கே போயிற்று? அது கையோடு சேர்ந்து கிடந்தது. விழித்திருந்தது பயிற்சி. கேட்பார் இல்லை, மேடை இல்லை, மீண்டும் வாசிப்போம் என்ற உறுதியும் இல்லை. அந்நிலையிலும் நாள்தோறும் ஏட்டைத் திறந்து உள்ளத்தில் ஒரு தொடரை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் விழித்திருந்தது.

கவிஞனுக்கும் அத்தகைய காலம் வரும். இங்கே அமர்ந்திருப்போரில் சிலருக்கு இப்போதே அது நடந்துகொண்டிருக்கலாம். சொல் வரவில்லை என்று கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்ட நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்களிடம் புதிய கவிதை கொண்டுவாருங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். பழைய பாடல் ஒன்றை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, சும்மா வந்து அமருங்கள் என்று சொல்லுவோம். அடுத்த பத்தாண்டுகளில் இந்த வட்டம் அதற்கு இடம் தருமானால், எழுதுவோர்க்கு மேடை தந்ததைவிட அது பெரிய தொண்டாக இருக்கும்.